ரத்தினபாய்க்குப் பதினோரு வருடம்

ஆபீஸில் கணக்குப் போடுகிற அந்த மெஷினுக்குள் ஒரு மணி இருந்தது. கோயில் மணி போல நினைத்துவிடாதீர்கள். சைக்கிள் மணியைத் துணியில் சுற்றி அடித்தால் எப்படி இருக்கும், அப்படி. வகுத்தல் கணக்கென்றால் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கழித்துக்கொண்டே வருவோம். கர்ரக், கர்ரக் என்று பல்சக்கரம் ஓடும். ஒரு சுற்று அதிகமாகக் கழித்துவிட்டால் உள்ளேயிருந்து டிங் என்று கேட்கும். அப்போது ஒரு சுற்று பின்னால் சுற்ற வேண்டும். ஒரே ஹாலில் பதினாறு பேர், பதினாறு மெஷின். மத்தியானம் மூன்று மணிக்கு யாரும் பேச மாட்டார்கள். கர்ரக், கர்ரக், டிங். ஐம்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய சத்தம். நீங்கள் போனில் பேசினதைக் கேட்டதும் அதுதான் காதில் வந்து நின்றது.

நான் ஒட்டுக்கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட், கேட்காமல் எங்கே போவது. நாற்பத்திரண்டில் வேலையை விட்டால் எண்பத்தைந்து வரைக்கும் பணம் வருமா என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டீர்கள். அது எல்லாரும் கேட்பதுதான். பிறகு, அம்மாவுக்கு எத்தனை வருடம் போடுவது என்று கேட்டீர்கள். சும்மாதான் கேட்டீர்கள், தெரிகிறது. சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். அவரும் ஏதோ ஒரு எண் சொன்னார் போலிருக்கிறது, குறித்துக்கொண்டீர்கள்.

இல்லை, குறை சொல்லவில்லை. எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. நான் நாற்பத்து மூன்று வயதில் வேலையை விட்டவள். அந்தக் காலத்தில் அப்படி விடுவதற்குப் பெயரே கிடையாது. கல்யாணமா, சீக்கா, பைத்தியமா என்று மூன்று கேள்வி கேட்பார்கள். எனக்கு மூன்றும் இல்லை. கணக்குப் போட்டேன், போதும் என்று வந்தது, விட்டேன். அவ்வளவுதான் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

என் பெயர் எமிலி. பாளையங்கோட்டையில் வீடு. ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் இருபத்தோரு வருடம் இருந்தேன். ஆள் பார்த்துப் பாலிசி விற்கிற வேலை இல்லை. விற்றுவிட்டு வந்த காகிதங்களைப் பார்க்கிற வேலை. டாக்டர் ரிப்போர்ட்டோடு விண்ணப்பம் வரும். இந்த ஆள் எத்தனை வருடம் இருப்பார் என்று எங்களிடம் ஒரு அட்டவணை உண்டு. ஐம்பது வயது என்றால் இத்தனை வருடம், அறுபது வயது என்றால் இத்தனை வருடம் என்று போட்டிருக்கும். ஆள் சீக்காளி என்றால் என்ன செய்வது? அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வயதைக் கூட்டிவிடுவோம். சர்க்கரை என்றால் இவ்வளவு, காசநோய் வந்து போயிருந்தால் இவ்வளவு. நாற்பது வயது ஆளை நாற்பத்தெட்டு என்று எழுதி, நாற்பத்தெட்டுக்கு நேரே அட்டவணையில் பார்ப்போம். அந்த ஆளுக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்கு நாற்பது வயதாக நடமாடிக்கொண்டிருப்பார்.

என் அக்கா பெயர் ரத்தினபாய். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அப்பா போனபோது அக்காவுக்குப் பதினெட்டு, எனக்குப் பதினொன்று. அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தாள். அதற்கு மேல் படிக்கவில்லை. தையல் மெஷின் வாங்கினாள். ஜாக்கெட், பாவாடை, கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கு கவுன். நான் காலேஜில் கணிதம் படித்தேன். அக்காவுக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து நெஞ்சில் வால்வு கெட்டுப்போயிருந்தது. மாடி ஏறினால் நடுப்படியில் நிற்பாள். நின்று, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு, ஏதோ சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி நிற்பாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா உண்மையைச் சொல்லிவிட்டாள். அதோடு அது முடிந்தது. எனக்கு வந்தவர்களை நானே வேண்டாம் என்றேன். அம்மாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர், மாடி வைத்த ஒரு ஓட்டு வீடு.

எதற்கு வேலையை விட்டேன் என்று கேட்பீர்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. காலை பத்து மணி வெயிலை நான் இருபத்தோரு வருடமாகப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். ஆனால் அன்றைக்கு ஆராதனை. ஒருநாள் காய்ச்சலில் வீட்டிலிருந்தபோது அந்த வெயில் முற்றத்தில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். எனக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்த மாதிரி இருந்தது. கவிதை எழுதுவேன் அப்போது. நோட்டு நிறைய இருந்தது. ஒன்றையும் முடித்ததில்லை. நேரம் இருந்தால் முடித்துவிடுவேன் என்று நினைத்தேன். எல்லாரும் நினைப்பதுதானே.

மூன்று மாதம் கணக்குப் போட்டேன். பி.எஃப்., கிராஜுவிட்டி, அம்மா வைத்துவிட்டுப் போன மனையை விற்ற பணம், எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துச் சொச்சம். வட்டி அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று என்று கொடுத்தார்கள். விலைவாசி ஏறும் என்று வருடத்துக்கு எட்டு போட்டேன். எனக்கு எண்பது வயது வரைக்கும் போட்டேன். நான் கவனமான ஆள். ஆபீஸில் என் கணக்கில் ஒருவரும் திருத்தம் போட்டதில்லை.

பிறகு அக்காவுக்கு ஒரு வரி போட்டேன். சாப்பாடு, மாத்திரை, மாதம் ஒரு தடவை டாக்டர். வருமானம் என்கிற இடத்தில் பூஜ்யம். சீக்குக்காரி, எத்தனை நாள் தையல் மெஷின் மிதிப்பாள் என்று பூஜ்யம் போட்டேன். காய்கறிக்காரிக்கும் பால்காரருக்கும் அக்காதான் தையல் பணத்திலிருந்து கொடுப்பாள். அது எனக்குத் தெரியும். கையில் கொடுக்கிற பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை, எழுதவில்லை.

அப்புறம் எத்தனை வருடம் என்பது. அக்காவுக்கு அப்போது ஐம்பது. வால்வுக்குக் கூட்ட வேண்டியதைக் கூட்டினேன், அட்டவணையில் பார்த்தேன், பதினோரு வருடம் வந்தது. போதும் என்று வந்தது. மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஆபீஸில் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பஸ் ஏன் நிற்கிறது? ரயில்வே கேட்டா. சரி, நேரமாகும்.

வேலையை விட்டுப் பத்துநாள் இருக்கும். அக்கா வந்து நின்றாள்.

"ஏட்டி, பெரிய காயிதம் ஏதாவது கெடக்கா? அளவு வெட்டணும். பேப்பர் கிழிஞ்சு கிழிஞ்சு போவுது."

ஜாக்கெட்டுக்குக் கை, கழுத்து எல்லாம் முதலில் காகிதத்தில் வெட்டி வைத்துக்கொண்டு அதைத் துணிமேல் வைத்து வெட்டுவார்கள், தெரியும்தானே. என் மேஜையில் ஆபீஸ் ஃபுல்ஸ்கேப் தாள் ஒரு கட்டு இருந்தது. ஒரு பக்கம் எழுதினது. படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் எடுத்து நீட்டினேன்.

அன்று சாயந்தரம் காபி கொடுத்துக்கொண்டே கேட்டாள். "ஒங்க ஆபீஸ்ல சீக்காளிகளுக்கு வயசக் கூட்டிப் போடுவாங்களாமே?"

"யார் சொன்னா ஒனக்கு?"

"யாரோ சொன்னா. போடுவாங்களா?"

"போடுவோம்."

"எவ்வளவு?"

"சீக்கைப் பொறுத்து."

"நெஞ்சுன்னா?"

"வால்வுன்னா பத்து."

"பத்துதானா? கூடக் கொறைய உண்டா?"

"புத்தகத்துல பத்துன்னுதான் போட்டிருக்கு. ஏன் கேக்க?"

"சும்மாதான். படிச்ச பிள்ளைய வீட்டுல வெச்சுக்கிட்டு ஒண்ணும் தெரிஞ்சுக்காம இருக்கேம்லா" என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். அக்காவுக்கு அறிவுத் தாகம் வந்துவிட்டது என்று எனக்குச் சிரிப்பு. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பதினோரு வருடம் என்றேனே. கணக்கில் தப்பில்லை என்றேனே. தப்பில்லைதான். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி.

சொல்லிவிடுகிறேன். நீங்கள் திருச்செந்தூரில் இறங்கிப் போய்விடுவீர்கள், திரும்பப் பார்க்கப் போவதில்லை. முதலில் பத்துதான் கூட்டினேன். ஐம்பதும் பத்தும் அறுபது. அறுபதுக்கு நேரே பதினாலு வருடம் வந்தது. பதினாலு வருடம் என்று போட்டால் பணம் எனக்கு எழுபத்து நாலிலேயே தீர்ந்துபோனது. வட்டியை ஏற்றிப் பார்த்தேன், வரவில்லை. விலைவாசியைக் குறைத்துப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. விலைவாசியில் பொய் எழுத எனக்கு மனசு ஒப்பவில்லை, பாருங்கள். அறுபதை அடித்துவிட்டு அறுபத்தைந்து என்று எழுதினேன். பதினைந்து கூட்டினேன். பதினோரு வருடம் வந்தது. எனக்கு எண்பது வரைக்கும் வந்துவிட்டது. கையெழுத்து அழகாக இருக்கும் என்னுடையது. அடித்ததுகூட ஒரே கோடு, அளவுகோல் வைத்து.

அதற்கப்புறம் பத்து மணி வெயில் தினமும் வந்தது. அதில் ஒன்றும் குறையில்லை. நான் நாற்காலியை முற்றத்தில் போட்டு உட்காருவேன். உள்ளே அக்கா மிதிக்கிற சத்தம். ஒரு வரி எழுதுவேன். மிதிக்கிற சத்தம் நிற்கும். நூல் மாற்றுகிறாள், வேறொன்றும் இல்லை. ஆனால் நிற்கும்போது நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிடுவேன். திரும்ப ஆரம்பிக்கும்வரை எடுத்தபடியே இருப்பேன். அக்காவைப் பற்றிய கவலை என்று நினைத்துக்கொண்டேன். தங்கச்சிக்குக் கவலை இருக்காதா.

அவள் மாடிப்படியில் நிற்கிறாளே, எத்தனை நேரம் நிற்கிறாள் என்று எண்ணுவேன். முதல் வருடம் இருபது எண்ணினால் ஏறிவிடுவாள். ஆறாவது வருடம் முப்பது. ஏழாவது வருடத்திலும் முப்பது. எட்டாவது வருடம் புது மாத்திரை மாற்றினார்கள், இருபத்திரண்டுக்கு வந்துவிட்டது. நான் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒன்பதாவது வருடம் ஐப்பசியில் மூச்சு முட்டி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சபையிலிருந்து வந்து ஜெபம் பண்ணினார்கள். நான் வெளியே பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். எல்லாரும் நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்தார்கள். பதினொன்றில் ஒன்பது போனால் இரண்டு, இரண்டு வருடத்துச் சாப்பாடும் மாத்திரையும் மிச்சம். மனக்கணக்கு எனக்குத் தானாக ஓடும், நிறுத்த முடியாது. நர்ஸ் வந்து, "பயமில்லைம்மா, தாண்டிட்டாங்க" என்றாள். நான் "அப்படியா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பெண் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். சின்னப் பெண். பிறகு எப்போது அந்த வார்டு வழியாகப் போனாலும் நான் மறுபக்கம் சுற்றித்தான் போவேன்.

அதற்குள் வட்டி விழ ஆரம்பித்தது. பன்னிரண்டு பத்தானது, பத்து எட்டானது, ஆறுக்கு வந்தது. அதை நான் எந்த இடத்திலும் போட்டிருக்கவில்லை. மாதக் கடைசியில் கையைக் கடித்தது. பழைய ஆபீஸில் என்னோடு இருந்தவர்களுக்குப் பென்ஷன் என்று ஒன்று வந்தது, நான் விட்டுப் போன பிறகு. யாரைக் குறை சொல்வது? நான் அக்காவைத்தான் பார்த்தேன். வாயால் ஒன்றும் சொன்னதில்லை. ஒருநாள் மீன் வாங்கி வந்தாள். "ரெண்டு பேருக்கு இவ்வளவா?" என்றேன். அது ஒன்றுதான். அடுத்த வாரத்திலிருந்து அவள் ஒரு துண்டுக்கு மேல் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு மீன் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்து இரண்டு, ஜூன் மாதம் முதல் வாரம். நான் கடைக்குப் போய்விட்டு வந்தேன். அக்கா கூடத்தில் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு சேலை, வேதப்புத்தகம், பாமாலை, கத்தரிக்கோல்.

"ஏட்டி, இதுக்கு மேல ஒரு கயிறு கட்டித் தா. கொக்கி நிக்கமாட்டேங்கு."

"எங்க போற?"

"ஆஸ்டலுக்கு. பொட்டப்பிள்ளைகளுக்கு யூனிபாரம் தைக்க ஆள் வேணுமாம். ரூம், சாப்பாடு, மாசம் தொள்ளாயிரம். அங்கன மிசினு மோட்டார் மிசினு. மிதிக்க வேண்டாம்."

"அறுபத்தொரு வயசுல வேலைக்கா? நெஞ்ச வெச்சிக்கிட்டு?"

"நெஞ்சு அது பாட்டுக்குக் கெடக்கு."

"நான் என்ன கொறை வெச்சேன் ஒனக்கு?"

"ஒண்ணும் வெக்கல. நல்லாத்தான் பாத்துக்கிட்ட." சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "மே மாசத்தோட பதினோரு வருசம் ஆயிட்டுல்லா. இதுக்கு மேல இருந்தா ஒனக்குப் பணம் தட்டும்."

பெட்டியின் அடியில் கை வைத்து ஒரு காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள், எனக்குக் காட்டுவதற்காக அல்ல, சேலைக்கு இடம் பண்ணுவதற்காக. ஜாக்கெட் கை வெட்டின காகிதம். ஓரமெல்லாம் ஊசி குத்தின ஓட்டை. என் எழுத்து தெரிந்தது. ரத்தினபாய், ஐம்பது. அறுபது. அறுபதின் மேல் ஒரு கோடு. அறுபத்தைந்து. நேரே பதினொன்று.

"பத்துன்னு சொன்ன, அஞ்சு கூடப் போட்டிருந்த" என்றாள். கோபம் இல்லை. தையலில் யாராவது அளவு தப்பாகச் சொன்னால் கேட்பாளே, அந்தக் குரல். "சரி, பிள்ளைக்கு என்ன நெருக்கடியோன்னு நெனச்சேன். நம்ம கையில இல்லியே, போறதும் இருக்கதும். நானும் பாத்தேன். வரல."

"அக்கா, அது சும்மா போட்ட கணக்கு."

"நீ சும்மா கணக்குப் போட்டு நான் பாத்ததில்லியே. கயிறு கட்டு, ஆட்டோ வந்துரும்."

போகாதே என்று சொல்லியிருக்கலாம். காலைப் பிடித்திருக்கலாம். நான் கயிறு கட்டினேன். நன்றாகக் கட்டினேன், இரண்டு முடிச்சு. ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய் பேரம்கூடப் பேசினேன்.

அன்றைக்குச் சாயந்தரம் ஒரு தாள் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒருத்திக்கு மட்டும். போதும் என்று வந்தது.

கூப்பிடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கூப்பிட்டேன். மாதத்துக்கு ஒரு தடவை இதே பஸ்ஸில் போவேன், பிஸ்கட் வாங்கிக்கொண்டு. மூன்று தடவை வெளிப்படையாகவே கேட்டேன். முதல் தடவை, மெஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வாரேன். எந்த வருசம் வரைக்கும் போட்டுருக்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் என்ன ஏதென்று தெரியாமல் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாவது தடவை எனக்குக் கண் ஆபரேஷன், துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. வந்தாள். பத்துநாள் இருந்து சமைத்துப் போட்டுவிட்டு, பதினோராவது நாள் காலையில் கிளம்பிவிட்டாள். மூன்றாவது தடவை அவளுக்கு எழுபத்தைந்து. "இங்கன ஒருத்தியும் எனக்கு வயசு கேக்கல. கெடக்கட்டும்" என்றாள்.

இவ்வளவையும் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா ஆஸ்டலில் ஊழியம் செய்கிறாள் என்று சபையில் சொல்லிவந்தேன். நல்ல காரியம் என்பார்கள். தியாகம் என்றுகூட ஒருவர் மேடையில் பேசினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன்.

இப்போது எதற்குப் போகிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள். அக்கா தொள்ளாயிரத்திலிருந்து மாதாமாதம் போஸ்டாபீஸில் போட்டிருக்கிறாள். பிறகு சம்பளம் கூட்டிக் கொடுத்தார்களாம், அதையும் போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. வாரிசு என்கிற இடத்தில் எமிலி, தங்கை என்று எழுதி வைத்திருக்கிறாள். நான் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் நான் இல்லை. எனக்கு எழுபத்தேழு. என் நாலு லட்சம் போன வருடம் தீபாவளிக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. இந்த டிக்கெட்டுக்குக்கூட ஆஸ்டல் டீச்சர்தான் அக்காவின் பையிலிருந்த பணத்தை அனுப்பினார்.

கேட் திறந்துவிட்டார்கள். அடுத்த ஸ்டாப்பில் நான் இறங்க வேண்டும். அந்தப் பையை மட்டும் எடுத்துக் கொடுங்கள், நன்றி.

அக்கா பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலையில் இறந்தாள். எண்பத்து மூன்று வயது. நுரையீரலில் நீர் சேர்ந்து காய்ச்சல் வந்தது, மூன்று நாள் படுத்திருந்தாள். ஆஸ்டல்காரர்களே அடக்கம் செய்தார்கள்.